சிகாகோ மேயரை நவம்பரில் தேர்ந்தெடுக்க விடுங்கள்

இல்லினாய் சட்டமன்றத்தின் இரு அவை உறுப்பினர்களுக்கும், சிகாகோ நகர மன்றத்தின் ஐம்பது உறுப்பினர்களுக்கும்:

2026 நவம்பர் 3ஆம் தேதி சிகாகோ வாக்களிக்கிறது. அன்று ஆளுநரைத் தேர்ந்தெடுக்கிறோம். நகரக் கல்வி வாரியத்தின் 21 இடங்களையும் முதன்முறையாக முழுமையாகத் தேர்ந்தெடுக்கிறோம். அது முடிந்து நான்கு மாதம்கூட ஆகாத நிலையில், 2027 பிப்ரவரி 23 அன்று, அதே மக்கள் மேயரைத் தேர்ந்தெடுக்க மறுபடியும் சாவடிக்கு வர வேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு விழாவிட்டால் ஏப்ரல் 6 அன்று இன்னொரு முறை வர வேண்டும். கல்வி வாரியத்துக்கு இரட்டைப்படை ஆண்டின் நவம்பரே பொருத்தமான நாள் என்று முடிவு செய்தது சட்டமன்றம்தான். மேயர் தேர்தலைக் குளிர்காலத்தின் கடைசியில் தனியே விட்டுவைத்திருப்பதும் அதே சட்டமன்றம்தான். கூட்டத்தொடர்கள் வருகின்றன, போகின்றன. இந்த நாள் மட்டும் மாறுவதில்லை. நகர மன்றமும் இதை உரக்கக் கேட்பதாகத் தெரியவில்லை. இதை இனியும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.

இந்த மடலின் ஆங்கிலப் படி உங்கள் அலுவலகங்களுக்குத் தனியே வருகிறது. இந்த நகரத்தில் வாக்குரிமை பெற்று வாழும் தமிழர்களும் நான் உங்களிடம் என்ன கேட்கிறேன் என்று அறிந்து, அவரவர் வார்டு உறுப்பினரிடம் அதையே கேட்க வேண்டும் என்பதற்காகத் தமிழிலும் எழுதுகிறேன். நகரின் வடக்கே, டெவான் அவென்யூவை ஒட்டி வசிக்கிறேன். குடியுரிமை கிடைத்த நாளிலிருந்து தேர்தல்தோறும் வாக்குச்சாவடி அலுவலராகப் பணி செய்து வருகிறேன். எந்த வேட்பாளருக்கும் நான் வாக்குச் சேகரித்ததில்லை. இங்கே எழுதுவதெல்லாம் சாவடி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கண்டவை. நகரத்தின் தேர்தல் பதிவேடுகள் எவரும் பார்க்கத் திறந்து வைத்திருப்பவை.

காலை ஐந்து மணிக்கு நாங்கள் சாவடிக்குள் போகும்போது வெளியே கும்மிருட்டாக இருக்கும். ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடம் அது. வெப்பமூட்டி அப்போதுதான் முனகத் தொடங்கியிருக்கும். மேசைகளை விரித்து, எண்ணும் எந்திரத்தின் முத்திரையைச் சரிபார்த்து, எல்லா வேட்பாளருக்கும் பூஜ்ஜியம் என்று காட்டும் காகிதச் சுருளை அச்சிட்டு, அதில் நாங்கள் அனைவரும் கையெழுத்துப் போட்டு முடிக்கும்போது ஆறு மணி அடித்துவிடும். கதவைத் திறந்தால் வேலைக்குப் போகும் வழியில் சிலர் வருவார்கள். பிறகு முதியவர்கள். கையுறையைக் கழற்றாமலே பெயரைச் சொல்வார்கள். நடைபாதையில் தூவிய உப்பு அவர்கள் ஊன்றுகோலின் நுனியில் ஒட்டிவந்து தரையெல்லாம் வெள்ளைத் தடமாகப் பதியும். பிற்பகலில் எங்கள் மேசைக்கு ஆள் வருவதே அபூர்வம். அலுவலர்கள் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். அதே கூடத்தில், அதே மேசைகளோடு, அதிபர் தேர்தல் நடக்கும் நவம்பரில் வரிசை கதவைத் தாண்டி நடைபாதை வரை நின்றிருக்கிறது. தெரு அதே தெரு, மக்களும் அதே மக்கள். நாள்தான் வேறு.

வராதவர்கள் யார் என்றும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர்கள் என் தெருவில் இருக்கிறார்கள். டெவானில் உணவகங்களின் சமையலறையில் நிற்பவர்கள், வயோதிகர் இல்லங்களில் இரவுப் பணி பார்க்கும் பெண்கள், ஓஹேர் விமான நிலையத்தில் சாமான் ஏற்றி இறக்குபவர்கள், வாடகைக் கார் ஓட்டுபவர்கள். வாக்களிக்க இரண்டு மணி நேர அனுமதி கேட்கலாம் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. அதை முன்கூட்டியே கேட்க வேண்டும். முதலாளியிடம் போய் அப்படிக் கேட்கும் துணிவு, ஊரே பேசிக்கொண்டிருக்கும் நவம்பரில் வரும். தேர்தல் நடப்பதே பாதிப் பேருக்குத் தெரியாத பிப்ரவரியில் வராது.

தபாலில் வாக்களிக்கலாமே, முன்கூட்டியே வந்து வாக்களிக்கலாமே என்பீர்கள். அந்த வசதிகள் நல்லவை. அவற்றுக்காக நன்றி சொல்லவே செய்வேன். ஆனால் தேர்தல் வருகிறது என்ற நினைப்பு உள்ளவர்தான் தபால் வாக்குச்சீட்டுக் கேட்டு விண்ணப்பிப்பார். நினைப்பே இல்லாதவருக்கு எந்த வசதியும் எட்டாது.

இனி எண்களைப் பாருங்கள். 2020 நவம்பரில் சிகாகோவில் பதிவான வாக்காளர்களில் 73 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். ஆளுநர் தேர்தல் நடந்த 2022 நவம்பரில் சுமார் 46. நான்கு மாதம்கூட ஆகாத நிலையில், 2023 பிப்ரவரி 28 மேயர் தேர்தலில் 36. அந்த ஆண்டு ஏப்ரல் 4இல் நடந்த இரண்டாம் சுற்றில் 39க்குச் சற்றுக் குறைவு. அதற்கு முந்தைய மேயர் தேர்தலில், 2019 பிப்ரவரியில் 35, ஏப்ரலில் 33. ஆளுநர் ஆண்டோடு ஒப்பிட்டால் வெறும் பத்து விழுக்காடுதானே குறைவு என்று சொல்லிவிடலாம். பதிவான வாக்காளர் 15 லட்சத்துக்கும் மேல் உள்ள ஊரில் அந்தப் பத்து விழுக்காடு ஒன்றரை லட்சம் மனிதர்கள். 2023இல் பிராண்டன் ஜான்சனும் பால் வாலஸும் மோதிய இறுதிச் சுற்றில் முன்னவர் பெற்றது 3,19,481 வாக்கு, பின்னவர் 2,93,033. வித்தியாசம் 26,448. வராமல் போனவர்களின் எண்ணிக்கைக்கு முன் இந்த வித்தியாசம் எம்மாத்திரம்?

முதல் சுற்றை எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். 2019இல் 14 பேர் போட்டியிட்டார்கள். முதலிடம் பெற்ற லோரி லைட்ஃபுட்டுக்கு விழுந்தது 17.5 விழுக்காடு, ஒரு லட்சத்துக்கும் குறைவான வாக்குகள். பதிவான வாக்காளரில் நூற்றுக்கு ஆறு பேர். ஏப்ரலில் அவரே ஐம்பது வார்டுகளிலும் முன்னணியில் வந்து மேயரானார். நான்கு ஆண்டு கழித்து, பதவியில் இருந்த அவரே முதல் சுற்றில் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டு வெளியேறினார். அந்த முறை இரண்டாமிடத்தில் வந்து பிறகு மேயரான ஜான்சனுக்கு முதல் சுற்றில் விழுந்தது சுமார் 22 விழுக்காடு, அதாவது பதிவானவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேரின் வாக்கு. வென்றவர்களையும் தோற்றவர்களையும் நான் குறை சொல்லவில்லை. இருக்கிற விதியின்படி நின்றார்கள், வென்றார்கள். 27 லட்சம் பேர் வாழும் ஊரில் யார் இறுதிச் சுற்றுக்குப் போவது என்பதை இவ்வளவு சிறு கூட்டம் முடிவு செய்யும்படி வைத்திருக்கும் விதியைத்தான் குறை சொல்கிறேன்.

மேயர் பதவி இங்கே அலங்காரப் பதவி அன்று. ஆண்டுக்கு 1,600 கோடி டாலருக்கும் மேற்பட்ட வரவுசெலவுத் திட்டம் அவர் மேசையிலிருந்து கிளம்புகிறது. காவல்துறைத் தலைவரை அவர் நியமிக்கிறார். விமான நிலையங்கள் அவர் நிர்வாகத்தின் கீழ் வருகின்றன. அவர் போடும் கையெழுத்து எவ்வளவு காலம் பேசும் என்பதற்கு ஒரு சான்று போதும். 2008 டிசம்பரில், நகரத் தெருக்களின் வாகன நிறுத்தக் கட்டண எந்திரங்கள் 75 ஆண்டுக் குத்தகைக்குத் தனியாரிடம் போயின. நகரத்துக்கு வந்தது ஏறத்தாழ 115 கோடி டாலர். அதை முன்மொழிந்த மேயர் ரிச்சர்ட் எம். டேலி, அவசர அவசரமாக ஒப்புதல் தந்தது நகர மன்றம். அந்த ஒப்பந்தம் 2083 வரை நீளும். டெவானில் காய்கறி வாங்கக் காரை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் நான் அந்தக் கையெழுத்துக்குக் காசு செலுத்துகிறேன். இன்னும் பிறக்காத பிள்ளைகளும் செலுத்துவார்கள். அந்த மேயர் கடைசியாகத் தேர்வானது 2007 பிப்ரவரியில். அன்று வாக்களித்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினர். 2013இல் ஒரே மூச்சில் சுமார் 50 அரசுப் பள்ளிகளை மூட முடிவெடுத்த கல்வி வாரியமும் மேயர் நியமித்த வாரியம்தான். அந்தப் பள்ளிகளில் பெரும்பாலானவை கறுப்பின மக்கள் வாழும் தெற்கு, மேற்குப் பகுதிகளில் இருந்தன.

பிப்ரவரி எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. முன்பு கட்சிகள் பிப்ரவரி இறுதியில் உட்கட்சித் தேர்தல் நடத்தித் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும். ஏப்ரலில் கட்சிகளுக்கிடையே பொதுத் தேர்தல். 1995இல் சட்டமன்றம் சிகாகோ மேயர் தேர்தலைக் கட்சி சாராத தேர்தலாக மாற்றியது. 1999 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கட்சிப் பெயர் வாக்குச்சீட்டிலிருந்து போனது. ஆனால் கட்சிகளுக்காக ஏற்பட்ட பழைய நாட்காட்டி அப்படியே நின்றுவிட்டது. உட்கட்சித் தேர்தல் நாள் முதல் சுற்றானது, பொதுத் தேர்தல் நாள் இரண்டாம் சுற்றானது. இந்த நாட்களுக்கு வேறு காரணம் எதையும் நான் கேள்விப்பட்டதில்லை.

பனிக்காலத்தில் தேர்தல் நடப்பதே நல்லது, மேயருக்குப் பயம் இருக்கும் என்று இந்த ஊரில் சிலர் சொல்வதுண்டு. 1979 ஜனவரியில் கொட்டிய பனியை அள்ள முடியாமல் நகரம் திணறியது; அடுத்த மாதமே ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் மேயர் மைக்கேல் பிலாண்டிக் ஜேன் பர்னிடம் தோற்றார். நல்ல கதைதான். எனக்கும் பிடித்த கதை. ஆனால் பனி அள்ளாத மேயரை நவம்பரில் மட்டும் மக்கள் மறந்துவிடுவார்கள் என்று யார் சொன்னது? மார்ச் மாதம் சாலையில் விழும் குழிகளும், ஜூலை வெயிலும், நிலத்தடி அறையில் புகும் மழைநீரும் எந்தத் தேர்தலுக்கு?

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. அதை நானே எடுத்துச் சொல்லிவிடுகிறேன். 1983இல் ஹரோல்ட் வாஷிங்டன் நகரத்தின் முதல் கறுப்பின மேயரானபோதும் இதே பிப்ரவரி, இதே ஏப்ரல்தான். பிப்ரவரியில் ஜேன் பர்ன், டேலி ஆகிய இருவரையும் எதிர்த்து மும்முனைப் போட்டியில் சுமார் 36 விழுக்காடு பெற்றுக் கட்சி வேட்பாளரானார். ஏப்ரலில் வாக்காளர்களில் ஐந்தில் நான்கு பேர் வாக்களித்தார்கள். ஆக, குற்றம் நாளில் இல்லை, மக்களை இழுக்கும் வேட்பாளர் இல்லாததில்தான் இருக்கிறது என்று வாதிடலாம்.

அந்த வாதம் 1983இன் சிகாகோவை மறந்துவிடுகிறது. அந்தத் தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்த இயக்கம் ஒன்று தெருத்தெருவாக நடந்தது. மறுபக்கம், ஒவ்வொரு வாக்குச்சாவடித் தொகுதிக்கும் கட்சியின் பூத் பொறுப்பாளர் ஒருவர் இருந்தார். எந்த வீட்டில் எத்தனை வாக்கு, யாருக்குக் கார் வேண்டும், யார் உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதற்குக் கைம்மாறாக நகராட்சி வேலை கிடைத்தது. கட்சிக்கு உழைத்தவருக்கு அரசு வேலை தருவதை எதிர்த்துத் தொடுத்த ஷாக்மன் வழக்கில் 1972இலும் 1983இலும் பிறந்த நீதிமன்ற ஆணைகள் அந்த வேலைப் பங்கீட்டை அறுத்தன. அறுத்தது நியாயம். பிறகு 1995 சட்டம் கட்சிப் பெயரையும் எடுத்தது. அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. குப்பை அள்ளுவதில் கட்சிக்கு என்ன வேலை என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கதவைத் தட்டிய ஆளையும் எடுத்துவிட்டு, வாக்குச்சீட்டில் வழிகாட்டிய ஒரே சொல்லையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நீங்கள் எதை வைத்தீர்கள்?

2023 பிப்ரவரியில் எங்கள் சாவடிக்கு ஓர் இளைஞர் சமையலறை உடையோடு வந்தார். மாலை ஏழு மணிக்குக் கதவை மூட வேண்டும்; அதற்குச் சற்று முன் மூச்சிரைக்க ஓடிவந்தவர். வாக்குச்சீட்டை வாங்கி மறைப்புக்குள் போனார். சிறிது நேரத்தில் தலையை மட்டும் வெளியே நீட்டி, "அம்மா, இந்த ஒன்பது பேரில் யார் எந்தக் கட்சி?" என்று இந்தியில் கேட்டார். அது கட்சி சாராத தேர்தல் என்று மட்டும்தான் நான் சொல்லலாம். அதற்கு மேல் ஒரு சொல் சொன்னாலும் குற்றம். சாவடியிலிருந்து நூறு அடிக்குள் எந்த வேட்பாளரைப் பற்றியும் பேசக் கூடாது. "அப்படியென்றால் இவர்களைப் பற்றி எதில் படிப்பது?" என்று கேட்டார். என்னிடம் கொடுக்க ஒரு தாள்கூட இல்லை. அவர் யாருக்குக் குறியிட்டார் என்பது எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் அவருடைய இரண்டாவது கேள்விக்கு இந்த மாநிலமும் நகரமும் பதில் வைத்திருக்க வேண்டும்.

என் வீட்டுத் தபால் பெட்டிக்கு மேயர் தேர்தலையொட்டி வருவதெல்லாம் பளபளக்கும் விளம்பர அட்டைகள். ஒருவர் நகரத்தைக் குற்றவாளிகளிடம் ஒப்படைத்துவிடுவார் என்கிறது ஒன்று. இன்னொருவர் மறைமுகமாக வேறு கட்சிக்காரர் என்கிறது மற்றொன்று. கட்சியை முன்வாசல் வழியாக வெளியேற்றினீர்கள்; அது பின்வாசல் வழியாக விளம்பரமாக உள்ளே வந்துவிட்டது. வேட்பாளர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிய, எல்லோருக்கும் ஒரே அளவு இடம் தந்த, அரசாங்கம் அச்சிட்டு அனுப்பிய ஒரு கையேடு எங்கள் வீட்டுக்கு மேயர் தேர்தலில் இதுவரை வந்ததில்லை. சான் பிரான்சிஸ்கோவில் அது வீடு தேடி வருகிறது. அங்கும் மேயர் தேர்தல் கட்சி சாராததுதான்.

மற்ற பெருநகரங்கள் என்ன செய்தன என்று பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் ஒற்றைப்படை ஆண்டின் வசந்தத்தில் மேயரைத் தேர்ந்தெடுத்து வந்தது. 2017 மார்ச்சில் வாக்களித்தவர்கள் சுமார் 20 விழுக்காடு. 2015இலேயே மக்கள் வாக்கெடுப்பில் தேர்தலை இரட்டைப்படை ஆண்டுக்கு மாற்ற முடிவாகியிருந்தது. அதன்படி 2022 நவம்பரில் கேரன் பாஸ் தேர்வானபோது அது சுமார் 44 ஆனது. சான் பிரான்சிஸ்கோவில் 2019இல் 42 விழுக்காட்டை ஒட்டி இருந்தது, மேயர் தேர்தல் அதிபர் தேர்தலோடு சேர்ந்த 2024இல் 79ஐ ஒட்டி உயர்ந்தது. மேயர் தேர்தலை அதிபர் தேர்தல் ஆண்டுக்கு மாற்ற ஆஸ்டின் 2021இல் முடிவெடுத்தது, சான் ஹோசே 2022இல். இந்த நகரங்களில் எல்லாம் மேயர் தேர்தலில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. நாளை மாற்றினால் மேயர் கட்சிக்காரராகிவிடுவார் என்ற அச்சத்துக்கு இவையே பதில்.

நவம்பர் வாக்குச்சீட்டு ஏற்கெனவே நீளமானது, மேயர் அதில் காணாமல் போய்விடுவார் என்று ஒரு வாதம் உண்டு. நீளம் உண்மை. சிகாகோ அடங்கிய குக் கவுன்டியில் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய நீதிபதிகளின் பட்டியலைக் கண்டு தலைசுற்றி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு வழி, மேயர் பெயரைச் சீட்டின் முன்பகுதியில் வைப்பது. காலி சாவடியில் குட்டையான சீட்டைக் கொடுப்பதைவிட, நிறைந்த சாவடியில் நீளமான சீட்டைக் கொடுப்பது மேல். தேசிய அரசியலின் இரைச்சலில் உள்ளூர்ப் பிரச்சினை மூழ்கிவிடும் என்ற கவலையையும் நான் தள்ளிவிடவில்லை. இப்போது அது மௌனத்தில் மூழ்கிக் கிடக்கிறது என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

2022இல் நகரத்தின் வாக்குச்சாவடித் தொகுதிகளை 2,069இலிருந்து 1,290ஆகக் குறைத்தார்கள். செலவு மிச்சம் என்றார்கள். அடுத்த பிப்ரவரியில் பழைய சாவடிக்கே வழக்கம்போல் போய், கதவு பூட்டியிருப்பதைக் கண்டு, அங்கிருந்து எங்களிடம் நடந்து வந்த ஒரு பாட்டியம்மா என் மேசைக்கு முன் நாற்காலியில் அமர்ந்து மூச்சு வாங்கியதை நான் பார்த்தேன். அவர் வந்துவிட்டார். அப்படியே வீட்டுக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அந்த ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி இரண்டாம் சுற்று, அரசுப் பள்ளிகளின் வசந்த விடுமுறை வாரத்தில் வந்தது. பிள்ளைகளோடு ஊருக்குப் போன பெற்றோர் எங்கள் தெருவிலேயே பலர். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் ஏறத்தாழ ஐந்து மாதத்தில் மூன்று தேர்தல் நடத்துவதை நிறுத்துங்கள். சாவடிகளை மூட வேண்டியதில்லை.

என் அண்டை வீடுகளில் பலர் வாக்களிக்க முடியாதவர்கள். சொத்துவரி கட்டுகிறார்கள், தண்ணீர்க் கட்டணம் கட்டுகிறார்கள், நிரந்தர வசிப்புரிமைக்கான வரிசையில் பிள்ளைகள் வளர்ந்து கல்லூரிக்குப் போகும் வரை காத்திருக்கிறார்கள். உள்ளூர்ப் பள்ளி மன்றத் தேர்தலில் மட்டும் பெற்றோர் என்ற முறையில், குடியுரிமை இல்லாமலே, வாக்களிக்க அவர்களுக்கு வழி உண்டு. மேயர் தேர்தல் அன்று அவர்கள் என்னிடம், "யார் வருவார் என்று தெரிகிறதா?" என்று ஆவலோடு கேட்பார்கள். உரிமை இல்லாதவர்களுக்கு இருக்கும் ஆவல், உரிமை உள்ளவர்களிடம் இல்லாமல் போய்விட்டது என்று நான் நம்பவில்லை. உள்ளவர்களை எட்ட முடியாத நாளில் தேர்தலை வைத்திருக்கிறோம். அரோரா, நேப்பர்வில் போன்ற புறநகர்களில் வாழும் தமிழர்களும் இதைப் படிப்பார்கள். அங்கும் மேயரைத் தேர்ந்தெடுப்பது ஒற்றைப்படை ஆண்டின் ஏப்ரலில்தான். அவர்களுடைய ஊர்களுக்கும் இந்த வாதம் பொருந்தும். ஆனால் இந்த மடலில் நான் கேட்பது என் ஊருக்கு.

சட்டமன்ற உறுப்பினர்களிடம் கேட்பது இது. 2027இல் தேர்வாகும் மேயரும் நகர மன்றமும் 2031 மே வரை பதவி வகிக்க வேண்டியவர்கள். அந்தப் பதவிக்காலத்தைச் சில மாதங்கள் குறைத்து, அடுத்த மேயர் தேர்தலையும் நகர மன்றத் தேர்தலையும் 2030 நவம்பரில், ஆளுநர் தேர்தல் நாளிலேயே நடத்தச் சட்டம் இயற்றுங்கள். அதிபர் தேர்தல் ஆண்டில் இன்னும் அதிகம் பேர் வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதற்காக ஒருவரின் பதவிக்காலத்தை 2032 வரை நீட்டுவதோ 2028க்குச் சுருக்குவதோ மக்கள் தந்த காலத்தில் கைவைப்பதாகும். சில மாதக் குறைப்பை எவரும் பொறுத்துக்கொள்ளலாம். 2027இல் போட்டியிடுபவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் அதிலும் குறை இல்லை.

இரண்டாம் சுற்று தேவைப்படாதபடி, வாக்காளர் வேட்பாளர்களை முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம் என்று வரிசைப்படுத்தும் முறையை அந்தத் தேர்தலுக்கு அனுமதியுங்கள். கடைசியில் வருபவரை நீக்கி, அவருக்கு வாக்களித்தவர்களின் அடுத்த விருப்பத்தை எண்ணிக்கொண்டே போவது சான் பிரான்சிஸ்கோவில் 2004 முதல் நடக்கிறது. புதுமை ஒன்றும் இல்லை. அதற்கு உங்களுக்கு மனமில்லை என்றால், முதல் சுற்றை 2030 மார்ச் மாத உட்கட்சித் தேர்தல் நாளில் வைத்து, முதல் இருவரை நவம்பருக்கு அனுப்புங்கள். அப்படிச் செய்தால் ஒரு நிபந்தனை முக்கியம்: இன்ன கட்சியின் சீட்டு வேண்டும் என்று எங்கள் மேசைக்கு முன் உரக்கச் சொல்ல விரும்பாத குடிமகனுக்கு, மேயர் பெயர்கள் மட்டும் உள்ள தனிச்சீட்டு கேள்வியின்றிக் கிடைக்க வேண்டும். கட்சியைச் சொல்லச் சொன்னதும் முகம் சுருங்கித் திரும்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, இதற்கு 2030 வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2027 பிப்ரவரித் தேர்தலுக்கு முன்பே ஒவ்வொரு வாக்காளர் வீட்டுக்கும் அதிகாரபூர்வக் கையேடு ஒன்று தபாலில் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு வேட்பாளரும் தன் கையால் எழுதிய அறிக்கை, வகித்த பொறுப்புகள், பெரும் நன்கொடையாளர் பட்டியல் ஆகியவை அதில் இருக்க வேண்டும். நகரம் வாக்குச்சீட்டை ஸ்பானிஷ், சீனம், இந்தி, போலிஷ் எனப் பல மொழிகளில் தருகிறதல்லவா, அந்த மொழிகள் அனைத்திலும் அச்சிடப்பட வேண்டும். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. அதைக் கேட்க இந்த மடலில் நான் வரவில்லை. அந்தக் கையேட்டின் ஒரு படி ஒவ்வொரு சாவடி மேசையிலும் இருக்க வேண்டும், கேட்பவர் கையில் நான் அதைக் கொடுக்க எனக்கு அனுமதி வேண்டும்.

நகர மன்ற உறுப்பினர்களே, நாளை மாற்றும் அதிகாரம் மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கிறது என்று சொல்லி ஒதுங்கிவிடாதீர்கள். குறைந்த வாக்குப்பதிவில் தேர்வானவர்கள் மேயர் மட்டும் அல்லர், நீங்களும்தான். அதே சீட்டில், அதே பிப்ரவரியில் தேர்வானவர்கள். தேர்தலை 2030 நவம்பருக்கு மாற்றுமாறு சட்டமன்றத்தைக் கோரும் தீர்மானத்தை 2027 தேர்தலுக்கு முன் மன்றத்தில் கொண்டுவாருங்கள். குரல் வாக்கெடுப்பில் முடித்துவிடாமல், பெயர் சொல்லி அழைத்து ஆதரவா எதிர்ப்பா என்று பதிவு செய்யுங்கள். அதற்கு முன் பொது விசாரணை நடத்துங்கள். நகர மண்டபத்தில் வேலை நேரத்தில் நடத்தாமல், தெற்கு, மேற்கு, வடக்குப் பகுதிகளில் மாலை ஏழு மணிக்குப் பிறகு நடத்துங்கள். 2027க்குள் வேறு சாவடிகளை மூடவோ இடம் மாற்றவோ திட்டம் இருந்தால், அந்த வீடுகளுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பாக இருமுறை கடிதம் போக வேண்டும் என்றும், தேர்தல் நாளில் பழைய சாவடிக் கதவில் புதிய முகவரி பெரிய எழுத்தில் ஒட்டப்பட வேண்டும் என்றும் தேர்தல் வாரியத்தை வலியுறுத்துங்கள்.

உங்களில் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். நவம்பருக்கு மாற்றுவதை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா, எதிர்த்தால் காரணம் என்ன என்ற மூன்றுக்கும் இல்லினாய் சட்டமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடர் தொடங்கும் முன் விடை தாருங்கள். வரும் பதில்களையும் வராத பதில்களையும் உறுப்பினர் பெயரோடு எங்கள் பகுதி மக்களிடம் நான் படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
சிகாகோ வடபகுதியைச் சேர்ந்த ஒரு வாக்குச்சாவடி அலுவலர்